பிளப்பர் என்பதற்கு ‘நிணம்’: ஒரு முன்மொழிவு

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். வடதுருவப் பகுதியில் வாழும் இனுவிட் மக்களின் வேட்டையையும் உணவையும் பற்றி நாம் தமிழில் ஆக்கிவரும் சொற்பட்டியலில், கடல்நாய் பனிப்பரப்பில் நகத்தால் சுரண்டி உறையாமல் காத்துவரும் துளைக்கு ‘மூச்சுத்துளை’ என்று முடிவானதில் எனக்கு முழு உடன்பாடு. ஆனால் திமிங்கிலம், கடல்நாய் போன்றவற்றின் தோலடியில் இருக்கும் பிளப்பர் (blubber) என்பதற்குக் ‘கொழுப்பு’ போதும் என்ற கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை.

கொழுப்பு என்பது ஒரு பொருளின் பெயர். பிளப்பரோ, நார்த்திசுவும் குருதிக்குழாய்களும் கொழுப்போடு பின்னிக் கிடக்கும் தோலடிப் படலம். வில்தலைத் திமிங்கிலத்தில் அது ஏறத்தாழ அரை மீட்டர் தடிமன் வரை இருக்கும். அதற்கு, ஊன்கொழுப்பைக் குறிக்கும் ‘நிணம்’ என்ற பழஞ்சொல்லை முன்மொழிகிறேன். ‘நிணநீர்’ (lymph) என்ற மருத்துவச் சொல்லோடு குழம்பும் என்பது நியாயமான தயக்கமே. எனினும் அது கூட்டுச்சொல்லாகவே வழங்குவதால், தனித்து நிற்கும் நிணத்துக்கு இடையூறு செய்யாது என்று கருதுகிறேன்.

இனுவிட் வீட்டில் நிணம் உணவு மட்டுமன்று. சோப்புக்கல்லில் குடைந்த, அரைநிலா வடிவான குல்லிக் விளக்கில், பெண்கள் நிணத்தை இடித்து இட்டு, பாசியையோ பஞ்சுப்புல்லின் பூம்பஞ்சையோ நேர்விளிம்பு நெடுகத் திரியாகப் பரப்பி ஏற்றுவார்கள். பனிவீட்டின் வெளிச்சம், கணப்பு, சமையல், பனியை உருக்கிக் குடிநீராக்குவது, ஈர உடையை உலர்த்துவது எல்லாம் அந்த ஒரு சுடரால் நடந்தன. உருகி வரும் எண்ணெயை ‘நிணநெய்’ எனலாம். நெய் என்றால் பசுநெய்தானே என்று தயங்க வேண்டியதில்லை. பரதவர் கிளிஞ்சலில் மீன்நெய் வார்த்து ஏற்றிய சிறுவிளக்கை நற்றிணை காட்டுகிறது.

‘மக்தாக்’ என்பதை மட்டும் மொழிபெயர்க்காமல் விடக் கோருகிறேன். நார்வால், பெலுகா திமிங்கிலங்களின் தோலை நிணத்தோடு சேர்த்து அரிந்து, உலு என்னும் பிறைவடிவக் கத்தியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, சிறு துண்டுகளாகப் பெரும்பாலும் பச்சையாகவே மெல்லுவார்கள். காய்கனி அரிதான அந்நிலத்தில் வைட்டமின் சி அவர்களுக்குக் கிடைத்த முக்கிய வழிகளுள் ஒன்று அந்தத் தோல். பட்டியலில் இப்போதுள்ள ‘கொழுப்புத் துண்டு’ என்ற பெயர்ப்பு தோலையே மறைத்துவிடுகிறது. பல் ஆட்டம்கண்டு ஈற்றில் குருதி கசியும் ஸ்கர்வி என்னும் வைட்டமின் சி குறைபாட்டு நோய் அவர்களை ஏன் அண்டவில்லை என்பது படிப்பவருக்குப் புரியாமலே போகும். உணவின் பெயரை அம்மக்கள் வழங்குவதுபோலவே எழுதி, முதல்முறை வரும் இடத்தில் ‘தோலொடு கூடிய நிணம்’ என விளக்கம் சேர்த்தால் போதுமானது.

ஒரு வேண்டுகோள். மன்னார் வளைகுடாக் கரையில் கடற்பசுவை ஆவுளியா என்பார்கள். இன்று அது சட்டத்தால் காக்கப்படும் உயிரினம். என்றாலும் அதன் தோலடிப் படலத்துக்கு மீனவ முதியோரிடம் தனிப்பெயர் இருக்குமானால், அக்கரையைச் சேர்ந்த நண்பர்கள் கேட்டு எழுதுங்கள். அப்படி ஒரு சொல் கிடைத்தால், நிணத்தை விட்டுவிட்டு அதையே ஏற்பேன்.