வீட்டுக்குப் பின்னால் குளம், குளத்தில் முதலை: நாளைக்குக் கையெழுத்துப் போடலாமா?

காட்பாடி மருமகள்:
வணக்கம். யாராவது சீக்கிரம் பதில் சொல்லுங்கள், நாளைக் காலை 10 மணிக்கு வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். காட்பாடியிலிருந்து அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்து டாம்பாவுக்கு வந்து 19 நாள் ஆகிறது. அவருடைய ஆபீஸ் கொடுத்த தற்காலிக இடம் ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. பிடித்துப்போன அபார்ட்மென்டுக்குப் பின்னால் ஒரு குளம் இருக்கிறது, படத்தில் பார்க்க அழகாக இருந்தது. இன்று சாயங்காலம் நேரில் போனோம். கரையில் மரக்கட்டை கிடக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன், அது நகர்ந்து தண்ணீருக்குள் இறங்கியது. முதலை! அங்கே இருந்த பெண்ணிடம் சொன்னால் "ஆமாம், அது இங்கேதான் இருக்கும், ஒன்றும் செய்யாது" என்கிறாள். எடுத்த வீடியோவை அத்தைக்கு அனுப்பினேன், அப்போதிலிருந்து அழுகை. "வேலூர்க் கோட்டை அகழியில் அந்தக் காலத்தில் முதலை விட்டிருந்தாங்களாம், எதிரியைக் கொல்லத்தானே விட்டாங்க, நீங்க அது பக்கத்திலேயே குடி போறீங்களா" என்று கேட்கிறார்கள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பாம்பும் இருக்குமா? போடலாமா, வேண்டாமா?

ஆற்காடு அண்ணன்:
தங்கச்சி, முதலையை விடு, புயலைப் பற்றி யாராவது சொன்னார்களா? நான் இந்த ஊருக்கு வந்து 11 வருஷம். 2024 செப்டம்பர் கடைசியில் ஹெலீன் வந்தது, அந்தக் குப்பையை வாருவதற்குள் அக்டோபர் 9 ராத்திரி மில்டன். எங்கள் தெருவில் 5 நாள் மின்சாரம் இல்லை. மாவு, கறி, பிள்ளைக்கு வாங்கி வைத்திருந்த மருந்து எல்லாம் வீணாகப் போனது. தண்ணீர் வடிகிற நேரத்தில் வாசலில் செம்மண் உருண்டை மாதிரி ஏதோ மிதந்து வந்தது, காலால் தள்ளிவிட்டேன். நெருப்பெறும்பு! வெள்ளம் வந்தால் அவை ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு தெப்பம் மாதிரி மிதக்கும் என்று அப்புறம்தான் தெரிந்தது. முழங்கால் வரைக்கும் சீழ்க் கொப்புளம், 10 நாள் தூக்கம் இல்லை. நம்மூர்க் கட்டெறும்பு கடித்தால் மஞ்சள் தடவிவிட்டுப் போய்விடுவோம், இது அப்படி இல்லை. சிலருக்கு மூச்சே அடைக்கும்.

அதனால் அந்த முகவரி புயலுக்கு வீட்டைக் காலி செய்யச் சொல்லும் மண்டலங்களில் எதில் வருகிறது என்று முதலில் பார், ஏ முதல் ஈ வரை பிரித்திருக்கிறார்கள், ஏ என்றால் முதலில் கிளம்ப வேண்டும். வாடகை வீட்டு இன்சூரன்ஸ் வெள்ளத்துக்குப் பணம் தராது, அதைத் தனியாக வாங்க வேண்டும். ஜூன் 1-ல் புயல் காலம் தொடங்குகிறது, இன்னும் 3 வாரம்கூட இல்லை. முதலை ஒரு பிரச்சினையே இல்லை. புளோரிடாவில் 67 கவுண்டியிலும் (நம்மூர் மாவட்டம் மாதிரி) இருக்கிறது, மொத்தம் 13 லட்சம் என்று வனவிலங்குத் துறையே சொல்கிறது. அது இல்லாத குளமாகப் பார்த்து வீடு தேடினால் வருஷம் முழுக்கத் தேடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

ஆம்பூர்க்காரி, டார்வின்:
அண்ணன் சொல்வதைக் கேட்காதே மா. "பிரச்சினையே இல்லை" என்று பழகிப் போகிறார்களே, அங்கேதான் உயிர் போகிறது. நான் இருப்பது ஆஸ்திரேலியாவின் வடக்குக் கோடி. இங்கே இருப்பது உப்புநீர் முதலை, ஆண் 5, 6 மீட்டர் வரை வளரும். 1971-ல் வேட்டைக்குத் தடை போட்டபோது வடக்குப் பிரதேசத்தில் சுமார் 3000 தான் மிச்சம் இருந்தது, இன்று 1 லட்சத்துக்கு மேல். கலியாணம் ஆகி 2 மாதத்தில் இங்கே வந்தேன். ஜன்னலைத் திறந்தால் கடல், ஆனால் கால் நனைக்கக்கூட முடியாது. அக்டோபரிலிருந்து மே வரைக்கும் விஷம் கொண்ட பெட்டி ஜெல்லிமீன் வேறு, கொட்டினால் ஊற்றக் கடற்கரையில் வினிகர் பாட்டிலைக் கம்பத்தில் கட்டி வைத்திருப்பார்கள். அந்த முதல் மழைக்காலத்தில் யாரிடமும் பேச ஆள் இல்லாமல், புழுக்கத்தில் 4 மாதம் நான்கு சுவருக்குள் உட்கார்ந்திருந்தேன். உங்கள் அத்தை அழுவது எனக்குப் புரிகிறது. வேறு வீடு பாருங்கள்.

பேரணாம்பட்டு, ஹூஸ்டன்:
அக்கா, நீங்கள் சொல்லும் முதலை வேறு, இது வேறு. இங்கே இருப்பது அலிகேட்டர். மனிதனை இரை என்று தேடி வராது. புளோரிடாவில் சீண்டாமலே கடி வாங்கி ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் வருஷத்துக்குச் சராசரி 8 பேர், 2 கோடிக்கு மேல் ஜனம் இருக்கிற மாநிலத்தில். துரத்தினால் நேராக ஓடாமல் வளைந்து வளைந்து ஓட வேண்டும் என்று என் மேனேஜர் சொல்லிக் கொடுத்தார். பாம்பு கடித்தால் கடிவாய்க்கு மேலே இறுக்கிக் கட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், நம் ஊரில் செய்வதுதான். முதலையைவிட வீட்டுக்காரர்தான் தொல்லை. கிரெடிட் ஹிஸ்டரி, அதாவது இங்கே கடன் வாங்கி ஒழுங்காகக் கட்டிய பதிவு, இல்லை என்று என்னிடம் 2 மாத வாடகையைக் கூடுதலாக வாங்கினார்கள், உங்களிடம் எவ்வளவு கேட்டார்கள்?

காட்பாடி மருமகள்:
அண்ணா, அக்கா, எல்லோருக்கும் நன்றி. டெபாசிட் 1 மாதம்தான். பதற்றத்தில் ஒன்று சொல்லவில்லை. பாப்பாவுக்கு 3 வயது. வீடு தரைத்தளம், ஹாலின் கண்ணாடிக் கதவைத் தள்ளினால் வலை அடித்த திண்ணை, அதற்கு அப்புறம் புல், 30 அடியில் குளம். வேலி கிடையாது.

சத்துவாச்சாரி:
கிரெடிட் பேச்சை எடுத்தீர்களே, எனக்கும் அதேதான். ஊரில் 14 வருஷம் பேங்கில் ஒரு தவணை தவறாமல் கட்டியவன், இங்கே வந்ததும் பூஜ்யம். சமைத்தால் வாடை வருகிறது என்று பக்கத்து வீட்டில் எழுதிப் போட்டார்கள், கருவாடு வறுக்கவே இல்லை, வெறும் தாளிப்புக்கு. அதற்கு நடுவில் ஊரிலிருந்து எல்லோரும் வாட்சப்பில் மலைப்பாம்பு முதலையை விழுங்குகிற படத்தை அனுப்புகிறார்கள். "அங்கே எல்லாம் சுகமா இருக்கே, உனக்கு என்னப்பா" என்று கேட்பதும் அவர்கள்தான்.

ஆற்காடு அண்ணன்:
உண்மை. நான் முதல் வருஷம் கார் இல்லாமல் பஸ்சுக்கு முக்கால் மணி நேரம் வெயிலில் நின்றிருக்கிறேன். வேலூர் வெயிலில் வளர்ந்த எனக்கே இந்தப் புழுக்கத்தில் தலை சுற்றியது. அம்மாவிடம் ஒரு நாள்கூட இதைச் சொன்னது கிடையாது.

காட்பாடி மருமகள்:
கோபித்துக்கொள்ளாதீர்கள், மணி இங்கே ராத்திரி 11. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அப்பா அடுத்த மாதம் 6 மாதத்துக்கு வருகிறார். சர்க்கரை 15 வருஷமாக, வலது கால் பெருவிரலை எடுத்துவிட்டார்கள். விடியற்காலையில் புல்லில் வெறுங்காலோடு நடப்பது, மூக்கில் தண்ணீர் விட்டுக் கழுவுவது, இரண்டையும் யார் சொன்னாலும் நிறுத்த மாட்டார்.

வாலாஜா நர்ஸ்:
இப்போதுதான் பார்த்தேன் தங்கச்சி, நைட் டியூட்டி. நான் வேலூரில் படித்தவள், இப்போது புளோரிடாவில் எமர்ஜென்சியில் 8 வருஷம். பாப்பாவையும் அப்பாவையும் முதலிலேயே சொல்லியிருந்தால் இத்தனை பேச்சு தேவைப்பட்டிருக்காது, பரவாயில்லை.

அந்தத் தரைத்தள வீடு வேண்டாம். முதலைக்காக முதலில் சொல்லவில்லை, தண்ணீருக்காகச் சொல்கிறேன். இந்த நாட்டில் 1 முதல் 4 வயதுக் குழந்தைகள் சாவதற்கு முதல் காரணம் நீரில் மூழ்குவதுதான். சத்தமே வராது, நீ அடுப்பில் குக்கரை இறக்கி வைக்கிற நேரம் போதும். இது மழைத் தண்ணீர் சேர வெட்டிய குளமாக இருக்கும், கரையிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே ஆழம் வந்துவிடலாம். முதலை அதற்கு அடுத்துதான். ஆனால் அதுவும் பெரிய ஆளைவிடச் சின்னக் குழந்தைக்கும் நாய்க்கும்தான் ஆபத்து. 2016 ஜூனில் ஆர்லாண்டோ பக்கம் ஒரு விடுதி ஏரிக்கரையில் கால் நனைத்துக்கொண்டிருந்த 2 வயதுப் பிள்ளையை முதலை இழுத்துக்கொண்டு போனது, அப்பா பக்கத்திலேயே இருந்தார். வருஷத்துக்கு 8 பேர் என்று தம்பி சொன்ன கணக்கு சரி, ஆனால் உன் கதவுக்கும் குளத்துக்கும் 30 அடி என்பது அந்தச் சராசரிக்குத் தெரியாது.

அதே இடத்தில் மாடியில், குளத்தைப் பார்க்காத பக்கம் வீடு இருக்கிறதா என்று காலையில் 9 மணிக்கே போன் செய்து கேள். பெரும்பாலும் கொஞ்சம் வாடகை ஏறும் அல்லது ஒரு வாரம் பொறுக்கச் சொல்வார்கள். கையெழுத்துப் போட்ட பிறகு மாற்றுவது கஷ்டம். எந்த வீடாக இருந்தாலும் வாசல் கதவுக்குப் பாப்பா கைக்கு எட்டாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாள், திறந்தால் கத்துகிற சின்ன அலாரம் போட்டுவிடு. அந்த வளாகத்தில் நீச்சல் குளம் இருந்தால் அதன் வேலிக்கதவு தானாகச் சாத்திக்கொள்கிறதா என்று நீயே தள்ளிப் பார்.

இப்போது மே மாதம், அவை இணை சேரும் காலம், அதிகம் நடமாடும். ஜூன் கடைசியில் முட்டையிடும், ஆகஸ்ட் நடுவிலிருந்து குஞ்சு வரும், தாய் பக்கத்திலேயே இருக்கும். பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும் வரை கரைப்பக்கம் போகவே வேண்டாம். யாராவது ரொட்டி போடுவதைப் பார்த்தால் ஆபீஸில் சொல், இங்கே அது சட்டப்படி குற்றம், தீனி போட்டுப் பழக்கிய முதலைதான் ஆளைக் கண்டால் ஒதுங்காமல் கிட்டே வரும். 4 அடிக்கு மேல் இருந்து பயமாக இருந்தால் வனவிலங்குத் துறையின் 866-392-4286 எண்ணுக்குப் பேசலாம், பிடிக்க ஆள் அனுப்புவார்கள். வளைந்து வளைந்து ஓடுவது கட்டுக்கதை. நேராக, தண்ணீரை விட்டு விலகி ஓடு, நிலத்தில் அது ரொம்ப தூரம் வராது.

பாம்பு கடித்தால் கட்டுப் போடாதே, கீறாதே, உறிஞ்சாதே. இறுக்கிக் கட்டினால் அந்தக் கால் போகும், ஊரிலும் டாக்டர்கள் இதைத்தான் தலையில் அடித்துக்கொண்டு சொல்கிறார்கள். மோதிரம், கொலுசு இருந்தால் கழற்று, அசையாமல் உட்கார், அவசர உதவிக்கு 911-ஐக் கூப்பிடு. சந்தேகம் என்றால் 1-800-222-1222 விஷ முறிவு மையம், 24 மணி நேரமும் இலவசம். இங்கே விஷப் பாம்பு 6 வகைதான். புல்வெளியோரம் சின்னக் கிலுகிலுப்பைப் பாம்பு, தண்ணீர் ஓரம் வாய்க்குள் வெள்ளையாக இருக்கும் காட்டன்மவுத், இவை இரண்டும் வீட்டருகே வரும். அமெரிக்கா முழுவதும் வருஷத்துக்கு 7000, 8000 பேரை விஷப்பாம்பு கடிக்கிறது, சாவது 5 பேர் அளவில். இந்தியாவில் வருஷத்துக்கு 58,000 பேர் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். கண்ணாடி விரியன் கிடக்கிற கொல்லையில் செருப்பில்லாமல் ஓடிய நமக்கு இது பயப்பட வேண்டிய ஊர் இல்லை. வித்தியாசம் பில்லில்தான். ஊரில் அரசு ஆஸ்பத்திரியில் காசில்லாமல் ஏற்றுகிற விஷமுறிவு மருந்து இங்கே ஒரு குப்பியே ஆயிரக்கணக்கான டாலர், ஒருவருக்குப் பல குப்பி வேண்டும். அப்பாவுக்கு இன்சூரன்ஸ் எடுக்காமல் விமானம் ஏற்றாதே, சர்க்கரை நோயை மறைக்காமல் எழுது.

எனக்கு உண்மையான கவலை அப்பாவின் கால். சர்க்கரைக் காலில் உணர்ச்சி குறைவு, எறும்புப் புற்றை மிதித்தாலும் தெரியாது. மூடிய ஷூ, சாக்ஸ், ஊரிலிருந்தே பழகி வரட்டும். காலில் சின்னக் கீறல் இருந்தாலும் கடல், கழிமுகம், வெள்ளத் தண்ணீர் எதிலும் இறங்கக் கூடாது, இந்தச் சூட்டில் விப்ரியோ என்ற கிருமி இருக்கும், சர்க்கரை உள்ளவருக்கு ஒரே நாளில் கால் கறுத்துப்போன கேஸ் பார்த்திருக்கிறேன். அப்புறம் மூக்கு கழுவுவது. குழாய்த் தண்ணீரில் கண்டிப்பாகக் கூடாது. கேரளாவில் மூளை தின்னும் அமீபா என்று செய்தி வந்ததே, அதே நெக்லீரியாதான். 2023-ல் டாம்பாவுக்குத் தெற்கே ஷார்லட் கவுண்டியில் ஒருவர் குழாய்த் தண்ணீரில் மூக்கு கழுவி இறந்தார். குடித்தால் ஒன்றும் ஆகாது, மூக்கில் ஏறினால்தான். தளதளவென்று 1 நிமிஷம் கொதிக்க வைத்து ஆற வைத்த தண்ணீர், இல்லையென்றால் கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டர். பழக்கத்தை நிறுத்தச் சொல்லாதே, தண்ணீரை மட்டும் மாற்று, அப்போது கேட்பார்.

ஆம்பூர்க்காரி, டார்வின்:
மாடி என்றாலும் எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் நர்ஸ் அக்கா சொன்ன தாழ்ப்பாள் விஷயம் சரி, இங்கே நீச்சல் குளத்துக்கு வேலி போடாமல் விடமாட்டார்கள்.

காட்பாடி மருமகள்:
போன் செய்தேன். மூன்றாவது மாடியில் பார்க்கிங்கைப் பார்த்த மாதிரி ஒன்று காலியாகிறது, மாதம் 55 டாலர் அதிகம், வியாழக்கிழமைதான் சாவி. நடுவில் 4 நாளுக்கு அவருடைய ஆபீஸ் நண்பர் வீட்டில் இடம் தருகிறார்கள். ஆற்காடு அண்ணா, மண்டலம் பார்த்தேன், ஈ வருகிறது. கையெழுத்து மதியம் 2 மணிக்கு மாற்றியாயிற்று. வரும் வழியில் தாழ்ப்பாள் வாங்கிவிட்டார். அப்பாவிடம் ஷூ அளவு கேட்டேன், 8 என்றார், எதற்கு என்று கேட்கவில்லை. அத்தைக்கு வீடியோவில் மாடி ஜன்னலைக் காட்டினேன், கீழே வரிசையாகக் கார்தான் நிற்கிறது. "சரி, பால் காய்ச்சும்போது கூப்பிடு" என்று சொல்லி வைத்தார்கள்.