பத்மநாபபுரம் அரண்மனை: அப்புச்சியைக் கூட்டிட்டுப் போக யோசனை வேணுங்க

வணக்கமுங்க. காங்கயத்திலிருந்து எழுதறேன். எங்க அப்புச்சிக்கு (அம்மாவோட அப்பா) 82 வயசு. கை நடுங்கற வரைக்கும் தச்சு வேலை பார்த்தவர். இப்பவும் யார் வீட்டுக்குப் போனாலும் முதல்ல கதவு நிலையைத்தான் தடவிப் பார்ப்பார். பத்மநாபபுரம் அரண்மனையில பூமுகம்ங்கற முகப்பு மண்டபத்து மரக்கூரையில 90 விதப் பூ செதுக்கியிருக்குன்னு கேட்டதிலிருந்து, கண்ணால ஒருதடவை பார்த்துடணும்ங்கறார்.

ஈரோட்டிலிருந்து ராத்திரி ரயில்ல நாகர்கோவில், அப்புறம் தக்கலைக்கு பஸ். திங்கள்கிழமை விடுமுறைன்னு தெரியும்.

கவலை அவரோட முழங்கால்தானுங்க. செருப்பைக் கழட்டிட்டு நடக்கணும், படியெல்லாம் குறுகலா செங்குத்தா இருக்குமாமே? மாடி ஏறாம எதையெல்லாம் பார்க்கலாம்? நடுவுல உட்கார இடம் இருக்குங்களா? முடியலைன்னா வந்த வழியே திரும்ப விடுவாங்களா? வயசானவங்களைக் கூட்டிட்டுப் போனவங்க சொல்லுங்க. ஐப்பசி மழைக்கு முன்னாடி கிளம்பிடலாம்னு இருக்கோம்.