2048ஐ எதால் வகுப்பது? மாணவர்களுக்கு விளக்க உதவி தேவை

நண்பர்களே, வணக்கம். பாலிடெக்னிக் மாணவர்களுக்குத் தொலைத்தொடர்பு பாடம் எடுக்கிறேன். பல தொலைபேசிக் குரல்களை ஒன்றாகக் கடத்தும் இ1 (E1) என்ற டிஜிட்டல் இணைப்பின் வேகம் நொடிக்கு 2048 கிலோபிட் என்றதும், பாதி வகுப்பு அதை 1024ஆல் வகுத்து "சரியாக 2 மெகாபிட்" என்கிறது. தகவல் கடத்தும் வேகத்தில் கிலோ என்றால் 1000தான். எனவே விடை 2.048 மெகாபிட்.

குரலை நொடிக்கு 8000 முறை அளந்து, ஒவ்வொன்றையும் 8 பிட்டாக எழுதினால் 64 கிலோபிட். அப்படி 32 தடங்கள் சேர்ந்ததுதான் 2048. இதை விளக்கியபின் தலையாட்டுகிறார்கள். ஆனால் கோப்புக் கணக்கு வந்தால் மறுபடி குழப்பம். ஒத்திசைவுக்கான ஒரு தடத்தைக் கழித்தால் மீதி 1984 கிலோபிட், அதாவது 8 பிட் ஒரு பைட் என்பதால் நொடிக்கு 248 கிலோபைட். 1 கிகாபைட் கோப்பு போய்ச்சேர 67 நிமிடம். அதே கிகாபைட்டை 1024 கணக்கில் எடுத்தால் 72 நிமிடம்! எது சரி என்று கேட்கிறார்கள், நியாயமான கேள்வி.

தேர்வில் இரண்டில் எதை எழுதச் சொல்வீர்கள்? களத்தில் வேலை பார்ப்பவர்கள், பிட்டும் பைட்டும் கலந்து வரும் நிஜக் கணக்குகள் சில இருந்தால் பகிருங்கள். அடுத்த வாரம் இதே பாடம்தான், அதற்குள் கிடைத்தால் பெரிய உதவி.