கத்திரி வெயில்ல 2350 வாட், மழை விட்ட அன்னைக்கு 2900 வாட், பேனல்ல கோளாறா?

தேவனாம்பட்டினம் மாடிவீடு:
எல்லாருக்கும் வணக்கம். கடலூர், தேவனாம்பட்டினம் பக்கம் வீடு. போன மாசம் மொட்டைமாடில சோலார் போட்டோம், 540 வாட் பேனல் ஆறு, மொத்தம் 3240 வாட், பேனல் கரண்டை வீட்டுக் கரண்டா மாத்தற இன்வெர்ட்டர் 3 கிலோவாட். மானியம் 78,000 போக கைக்காசும் நிறைய போயிருக்கு, அதனால எவ்வளவு கரண்ட் வருதுன்னு தினமும் போன்ல ஆப்பைத் தொறந்து பாத்துக்கிட்டே இருக்கேன். நேத்து காக்கா கூட வெளிய வராத கத்திரி வெயில், பன்னெண்டரை மணிக்கு 2350 வாட்டுக்கு மேல ஏறவே இல்ல. ஆனா போன வாரம் காலைல ஒரு மழை பேஞ்சு விட்டு, 11 மணி போல மேகத்துக்கு நடுவுல வெயில் எட்டிப் பாத்துச்சு, அப்ப ரெண்டு நிமிஷம் 2900 காட்டுச்சு. வெயில் ஜாஸ்தி அடிச்சா கரண்டும் ஜாஸ்திதானே வரணும்? போட்டுக் குடுத்தவங்க "அப்படித்தான் இருக்கும்"னு போனை வச்சிட்டாங்க, அப்பா என்னடான்னா பழைய பேனலைத் தலைல கட்டிட்டாங்கன்னு ராத்திரி தூங்க மாட்டேங்கிறாரு. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

லாஸ்பேட்டை வயர்மேன்:
தம்பி, நீங்க சொல்ற கணக்கு சரியாத்தான் இருக்கு, பேனலைக் குறை சொல்ல ஒண்ணும் இல்ல. வெயில்னு சொல்றப்ப நாம சூட்டையும் வெளிச்சத்தையும் ஒண்ணா சேத்து சொல்லிடறோம், பேனலுக்கு ரெண்டும் வேற வேற. வெளிச்சம்தான் அதுக்கு சோறு, சூடு அதுக்கு ஆகவே ஆகாது.

பின்னாடி ஸ்டிக்கர்ல 540 வாட்னு போட்டிருக்கே, அது டெஸ்ட்ல சதுர மீட்டருக்கு 1000 வாட் வெளிச்சம் அடிச்சு, உள்ள இருக்கற செல் 25 டிகிரில இருக்கறப்ப எடுத்த அளவு. நம்ம ஊர் மாடில மே மாசம் 25 டிகிரிக்கு எங்க போறது, வெளிய 38 இருந்தா செல் 60ஐத் தாண்டிடும். ஒயர் பக்கம் போகாம பேனலுக்கு அடில கைய வச்சுப் பாருங்க, வச்ச கைய உடனே இழுத்துக்குவீங்க. இப்ப வர்ற பேனல்ல 25க்கு மேல ஒவ்வொரு டிகிரிக்கும் சுமாரா 0.35 சதவீதம் பவர் குறையும், 63 டிகிரின்னா 38 டிகிரி ஜாஸ்தி, 13 சதவீதம் அங்கயே போச்சு.

உங்க கணக்கையே போடுவோம். மத்தியானம் வெளிச்சம் டெஸ்ட்ல அடிச்ச 1000க்குப் பதிலா 930 வாட்னு வச்சா 3240ல 3010 வரணும், சூட்டுக்கு 13 சதவீதம் கழிச்சா 2620, தூசி, ஒயர், இன்வெர்ட்டர் எல்லாம் சேந்து ஒரு பத்து சதவீதம் தின்னுடும், 2350 வந்துருச்சா? மழை விட்ட அன்னைக்கு பேனல் சில்லுன்னு இருந்திருக்கும், நேர் வெயிலோட வெள்ளை மேகத்து ஓரத்துல பட்டுத் திரும்புற வெளிச்சமும் சேந்து விழும், அதான் எகிறிடுச்சு, அது ரெண்டு நிமிஷ சங்கதி.

வாட்டைப் பாத்து மனசைக் கொழப்பிக்காதீங்க, யூனிட்டைப் பாருங்க. நம்ம பக்கம் வருஷ சராசரில 1 கிலோவாட்டுக்கு நாளைக்கு 4 யூனிட், உங்களுக்கு 13 கிட்ட வரணும். மாசில பங்குனில இதவிட நல்லா வரும், ஐப்பசி கார்த்திகைல அடைமழை புடிச்சா 3 யூனிட் வந்தாலே பெரிசு, அப்ப பயந்துறாதீங்க.

வில்லியனூர் டீச்சர்:
வயர்மேன் சார் சொன்னதுக்கு உள்ள என்ன நடக்குதுன்னு மட்டும் சொல்றேன், பிள்ளைங்களுக்கு இதை சொல்லிக் குடுக்க எனக்கு அவ்வளவு ஆசை. செல்லுங்கறது சிலிக்கான் தகடு, ஒரு பக்கம் துளி பாஸ்பரஸ், இன்னொரு பக்கம் துளி போரான் கலந்திருக்கும், ரெண்டும் சேர்ற எடத்துல ஒருவழிப் பாதை மாதிரி ஒரு மின்புலம் உண்டாகிடும். வெளிச்சம் பட்டதும் எலக்ட்ரான் எழும்பும், அந்தப் புலம் அதை ஒரே பக்கமா தள்ளும், மறுபக்கம் திரும்பி வரணும்னா வெளிய ஒயர் வழியா சுத்தித்தான் வரணும், அந்தச் சுத்துதான் நமக்குக் கரண்ட். தகடு சூடாயிட்டா எழும்பின எலக்ட்ரான் நிறைய உள்ளயே திரும்ப அடங்கிடும், வோல்டேஜ் இறங்கிடும். ஆம்பியர், அதாவது ஓடற கரண்டோட அளவு, கொறையாது, சொல்லப்போனா துளி ஏறும், விழறது வோல்ட்டுதான், அதான் வாட்டும் சேந்து விழுது.

இதை நீங்களே பாக்கலாம் தம்பி. 540 வாட் பேனல் ஒண்ணு டெஸ்ட் அளவுல 41 வோல்ட் கிட்ட குடுக்கும், ஆறும் தொடரா இருந்தா 246. ஆப்ல டிசி வோல்டேஜ்னு இருக்கும், பேனல்ல இருந்து இன்வெர்ட்டருக்கு வர்ற வோல்ட் அது, காலைல எட்டு மணிக்கும் மத்தியானமும் குறிச்சு வைங்க.

சில்வர் பீச் பக்கம்:
ப்ரோ நானும் உங்க ஏரியாதான், 3 வருஷமா ஓடுது. சூட்டை நாம ஒண்ணும் பண்ண முடியாது, நிழலையும் உப்பையும் கவனிங்க. எங்க வீட்டுல ஒரே ஒரு தென்னை ஓலை நிழல் சாயங்காலம் பேனல் மேல ஆடும், ஆப்ல கோடு படபடன்னு விழும், ஏன்னா செல் எல்லாம் தொடரா இருக்கறதால நிழல் பட்ட செல் வர்ற கரண்டைத் தடுக்கும், அதை சுத்திப் போக உள்ள மூணு டயோடு, அதாவது கரண்டை ஒரே பக்கமா விடற சின்ன பாகம், வச்சிருக்காங்க, அதனால மொத்தமும் நிக்காது, ஆனா அந்தப் பேனல்ல மூணுல ஒரு பங்கு சும்மா கெடக்கும். மட்டைய வெட்டின அன்னைக்கே சரியாச்சு.

அப்புறம் கடக்காத்து உப்பு, விரலால தேச்சா பிசுபிசுன்னு ஒட்டும். வாரம் ஒருக்கா விடியக்காலைல கழுவிடுங்க, உச்சி வெயில்ல பச்சத் தண்ணி ஊத்தினா கண்ணாடி விரிசல் விடலாம். போர் தண்ணி உப்பா இருந்தா வேணவே வேணாம், காஞ்சதும் வெள்ளைத் திட்டு புடிச்சுக்கும். 2011 தானே புயலைப் பாத்த ஊரு நம்மது, ஐப்பசிக்கு முன்னாடி கிளாம்ப் போல்ட்டு எல்லாத்தையும் ஒருக்கா டைட் வச்சிடுங்க.

தேவனாம்பட்டினம் மாடிவீடு:
டீச்சர் சொன்ன மாதிரியே பாத்தேன், காலைல எட்டு மணிக்கு 234 வோல்ட், மத்தியானம் 214. நேத்து மட்டும் 13.6 யூனிட். அப்பாவை மேல கூட்டிட்டுப் போயி பேனலுக்கு அடில கைய வைக்கச் சொன்னேன், "அடேயப்பா, இந்தக் கொதி கொதிக்குதே"ன்னு எடுத்துக்கிட்டாரு, ராத்திரி நிம்மதியா தூங்கினாரு, மூணு பேருக்கும் ரொம்ப நன்றி. நாலு மணிக்கு மேல தண்ணி டேங்க் நிழல் ஆறாவது பேனல் மேல விழறதை இப்பதான் கவனிச்சேன், டேங்க்கை வடக்கால நகத்த ஞாயித்துக்கிழமை பிளம்பரை வரச் சொல்லியிருக்கேன்.