வெளிநாடு போகுமுன் எதையெல்லாம் செய்து வைக்க வேண்டும்? உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்

உவர்மலைக்காரன்:

கனடா நிரந்தர வதிவிடம் கிடைத்த கதையை எழுதவில்லை, அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ரொறொன்ரோவில் இறங்கிய அன்று கண்ட ஒன்று மட்டும் இன்னும் மனதை உறுத்துகிறது. சுங்க மேசையில் எங்களுக்கு முன்னால் இன்னொரு தமிழ்க் குடும்பம். நகை எவ்வளவு, பின்னால் என்ன சாமான் வரும், பட்டியல் எங்கே என்று அதிகாரி கேட்டார். அதட்டவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டார். மகன் கைப்பையைத் துழாவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற வயதான அம்மா, யாரும் சொல்லாமலே, காப்புகளைக் கழற்றி மேசையில் வைக்கத் தொடங்கிவிட்டார். ஒன்று மணிக்கட்டில் இறுகிவிட்டது. அதிகாரி வேண்டாம் என்று கையால் காட்டுகிறார், அவருக்கு விளங்கவில்லை. இழுத்துக்கொண்டே நின்றார்.

எங்கள் கையில் பட்டியல் இருந்தது. மாமா விடாப்பிடியாக நின்று எழுதுவித்தது. குடியேறப் போகிறவர் முதல் நாளிலேயே இரண்டு பட்டியல் காட்ட வேண்டும்: கையோடு கொண்டு வருவது ஒன்று, பின்னால் வரப்போவது ஒன்று. ஊரில் விட்டுவந்த நகையை இரண்டாவதில் எழுதாமல் பிறகு கொண்டு போனால் வரி கேட்கலாம். நகைக்கு கடைக்காரரின் பெறுமதிக் கடிதமும் படமும் சேர்த்து வையுங்கள். 10,000 கனேடிய டொலரோ அதற்கு மேலோ காசாகக் கொண்டு போனால் அதையும் சொல்ல வேண்டும்.

சாம்பல்தீவு மகள்:

அண்ணா, நகை பிறகு. முதலில் பெயர். அம்மாவை என்னிடம் எடுப்பதற்கு எல்லாம் தயார் என்றுதான் இருந்தேன். 1990 இடப்பெயர்வில் வீட்டோடு பத்திரங்கள் போய்விட்டதால் பிறப்புச் சான்றிதழின் பிரதி புதிதாக எடுத்தோம். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் அதை வாசித்துக்கொண்டு வந்தவர் நடுவில் நிறுத்தி, கடவுச்சீட்டைக் கையில் எடுத்தார். அம்மப்பாவின் பெயர் இரண்டிலும் இரண்டு மாதிரி. "இதில் இருப்பவரும் நீங்களும் ஒருவர்தானா?" என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்பா இருந்தால் வந்து சொல்லியிருப்பார்" என்றார்.

சத்தியக் கடதாசி முடித்து, திருத்தத்துக்குக் கொடுத்து, மாதக்கணக்கில் இழுபட்டது. விசா விண்ணப்பத்தில் கை வைக்கும் முன்பே பிறப்பு, திருமணச் சான்றிதழ், அடையாள அட்டை, கடவுச்சீட்டு எல்லாவற்றையும் ஒரு மேசையில் பரப்பி எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

கிண்ணியா காக்கா:

எல்லோரும் கனடா, லண்டன் என்றே எழுதுகிறீர்கள். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு கட்டாருக்கும் சவூதிக்கும் போயிருக்கிறார்கள். அதற்கும் ஆயத்தம் வேண்டும்.

மச்சானைக் கட்டுநாயக்காவில் ஏற்றிவிடப் போயிருந்தேன். ஏஜென்சி ஆள் வாசலில் வைத்துத்தான் உறையைத் தந்தார். சாரதி வேலை என்று சொல்லியிருந்தார்கள். ஒப்பந்தத்தில் உதவியாளர் என்று இருந்தது, சம்பளமும் குறைவு. போகாதே என்றேன். "காணி ஈட்டில் கிடக்குது மச்சான்" என்றார். பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அதற்கு என்ன பதில் சொல்லியிருக்கலாம் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

ஒப்பந்தத்தைத் தெரிந்த ஒருவரிடம் வாசிப்பித்த பிறகே காசு கொடுங்கள். ஏஜென்சிக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று 1989க்கு அழைத்துக் கேட்கலாம், அது இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் இலக்கம். விசிட் விசாவில் அனுப்பி அங்கே போய் மாற்றித் தருகிறோம் என்பவரை நம்ப வேண்டாம். பணியகத்தில் பதியாமல் போனவருக்கு அதன் காப்புறுதியும் இல்லை.

பாலையூற்று:

என் கதை சின்னது. லண்டன் வந்து கொஞ்ச நாளில் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஊர்க் கணக்கில் காசு இருந்தது. வங்கியின் இரகசிய இலக்கம் ஊர் சிம்முக்குத்தான் போகும். ரோமிங் திறந்தாச்சு என்று கடையில் சொன்னார்கள், திறந்திருக்கவில்லை. காசு திரையில் தெரிகிறது, அனுப்ப முடியவில்லை. தங்கச்சி பக்கத்து வீட்டில் கைமாற்று வாங்கினாள்.

இனி போகிறவர்களுக்கு: ரோமிங்கை ஊரில் இருக்கும்போதே ஆளை வைத்துச் சரிபாருங்கள். ஊழியர் சேமலாப நிதியை ஆண்களுக்கு 55, பெண்களுக்கு 50 வயதில்தான் எடுக்கலாம் என்று பலரும் விட்டுவிட்டு வருகிறார்கள். நிரந்தரமாகக் குடியேறுகிறவர் அதற்கு முன்பே எடுக்கலாம், தொழில் அலுவலகத்தில் கேளுங்கள். சான்றிதழ்கள் உண்மையானவை என்று வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் முத்திரை குத்த பத்தரமுல்லைக்கு ஓட வேண்டியதில்லை, திருகோணமலையிலேயே பிராந்திய அலுவலகம் இருக்கிறது. பிரித்தானியாவுக்கு என்றால் காசநோய்ச் சான்றிதழ் 6 மாதத்துக்குத்தான் செல்லும், ஆகவே வேலை தருபவரின் கடிதம் வருமுன் அவசரப்பட்டு எடுக்காதீர்கள். பிரித்தானிய விசாவோடு கட்டும் சுகாதாரக் கட்டணம் 2024 பெப்ரவரியிலிருந்து வளர்ந்தவருக்கு ஆண்டுக்கு 1,035 பவுண். விசா எத்தனை ஆண்டோ அத்தனைக்கும் விண்ணப்பத்தோடேயே கட்ட வேண்டும். குடும்பமாக வருபவர்கள் இதைக் கணக்கில் எடுக்காமல் டிக்கெட்டுக்கு மட்டும் காசு சேர்க்கிறார்கள். ஒன்றாரியோ போகிறவர்கள் வாகனம் ஓட்டிய அனுபவத்துக்கு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் கடிதம் எடுத்துப் போங்கள், ஓராண்டுக்கு மேற்பட்ட அனுபவத்தை வெறும் வாயால் சொல்ல முடியாது. பல் வைத்தியத்தை ஊரிலேயே முடித்துக்கொண்டு வாருங்கள், இங்கே செலவு அதிகம். கடைசியாக, வீட்டில் நம்பிக்கையான ஒருவருக்கு முழு அற்றோனித் தத்துவம், அதாவது உங்களுக்குப் பதிலாக எல்லா அலுவலையும் பார்க்கும் அதிகாரப் பத்திரம், எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். இங்கிருந்து அதைச் செய்ய தூதரகத்துக்கு அலைய வேண்டும்.

தம்பலகாமத்து அக்கா:

தம்பி, மற்றதெல்லாம் சரி. கடைசியில் சொன்னதை மட்டும் யாரும் கேட்டுவிடாதீர்கள். என் சித்தப்பா ஜேர்மனி போகும்போது அப்படித்தான் முழு அதிகாரத்தையும் சொந்தக்காரர் ஒருவருக்கு எழுதிக் கொடுத்தார். வயல் கைமாறிய செய்தி அவருக்குத் தொலைபேசியில், அதுவும் வேறொருவர் வாயால் வந்தது. நான் பக்கத்தில் இருந்தேன். "எந்த வயல்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். எங்களுக்கு இருந்ததே ஒரு வயல்தான்.

பாலையூற்று:

அக்கா, எனக்குத் தங்கச்சியை விட்டால் வேறு ஆள் இல்லை, அதனால்தான் அப்படி எழுதினேன். அம்மாவின் வைத்தியத்துக்கு வங்கியில் யாராவது கையெழுத்துப் போடத்தான் வேண்டும்.

தம்பலகாமத்து அக்கா:

தங்கச்சியைக் குறை சொல்லவில்லை அப்பன். வங்கி வேலைக்கு என்றால் வங்கி வேலைக்கு மட்டும் எழுதுங்கள், அதற்குத்தான் விசேட அற்றோனித் தத்துவம் இருக்கிறது. காணியை விற்கவோ ஈடு வைக்கவோ அதிகாரம் இல்லை என்று ஒரு வரி சேர்க்கும்படி நொத்தாரிசிடம் சொல்லுங்கள். எழுதி முடித்ததும் நீங்களே வாசித்துப் பாருங்கள். காணி உறுதியின் மூலப் பத்திரத்தை அற்றோனி வாங்குபவரின் கையில் கொடுக்காமல் வேறு வீட்டில் வையுங்கள்.