பழைய ஜிம்னி வாங்கலாமா? வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கிறேன். சுசுகி ஜிம்னி ஜீப் ஒன்றுக்கு விலை பேசுகிறேன், ஜேபி23 மொடல், 660 சிசி டர்போ. நக்கிள்ஸ், மீமுரே மலைப் பக்கம் போக ஆசை. மற்ற நாளெல்லாம் காலி வீதி நெரிசல்தான்.

குனிந்து அடியைப் பார்த்தேன். சேசிஸுக்கு (அடிச்சட்டத்துக்கு) புதுக் கறுப்புப் பெயின்ற். பின் சக்கரத்துக்கு மேலே தட்டினால் துரு செதில் செதிலாக உதிர்கிறது. கடற்கரைப் பக்கம் நின்ற வாகனமாக இருக்க வேண்டும். வெல்டிங் பிடித்தால் தாங்குமா, விட்டுவிடுவதா?

அப்புறம், ஓடிப் பார்த்தபோது 60 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு பள்ளத்தில் விழுந்ததும் ஸ்டீயரிங் உதறத் தொடங்கியது. 'டயர் பலன்ஸ்தான்' என்கிறார் விற்பவர். எனக்கு நம்பிக்கையில்லை. முன் சக்கரம் திரும்பும் இடத்திலுள்ள கிங்பின் பெயாரிங், புஷ் தேய்ந்தாலும் இந்த வண்டி இப்படி ஆடும். ஃபோர் வீல் பட்டனை அழுத்தினால் விளக்கு மின்னிக்கொண்டே நிற்கிறது. முன் சக்கரத்தைப் பூட்டும் ஹப்புக்குப் போகும் வெக்கியூம் குழாய் வெடித்திருக்குமோ?

இந்தச் சாமான்கள் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் இப்போது என்ன விலை? தெகிவளை, இரத்மலானைப் பக்கம் ஜிம்னி வேலை தெரிந்த பாஸ் (மெக்கானிக்) யாராவது இருக்கிறாரா? லீசிங் இல்லை, கைக்காசு; அதனால் பேரம் பேச இடமிருக்கிறது. கொழும்புக்குள் பெற்றோல் லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடுகிறது என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.