ஏற்காட்டில் மாதிரி நீதிமன்றம்: சட்டம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். ஏற்காட்டில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து ஒரு மாதிரி நீதிமன்றம் நடத்தப் போகிறோம். வழக்கு, பெட்ரா பிராங்கா என்ற கடல்பாறை யாருக்குச் சொந்தம் என்று சிங்கப்பூரும் மலேசியாவும் மோதிக்கொண்டது. கச்சத்தீவை எடுக்கலாமே என்பீர்கள். எடுத்தால் வாதம் போய் மேடைப்பேச்சு ஆகிவிடும், வேண்டாம்.

பாறை முதலில் ஜொகூர் (இன்று மலேசியாவின் ஒரு மாநிலம்) சுல்தானுடையது என்று சர்வதேச நீதிமன்றமே ஒப்புக்கொண்டது. ஆனால் 1953-இல் ஜொகூரின் தற்காலிகச் செயலாளர், அதற்கு உரிமை கோரவில்லை என்று சிங்கப்பூருக்குக் கடிதம் எழுதிவிட்டார். 1851 முதல் அங்கே சிங்கப்பூர் தரப்பின் கலங்கரை விளக்கம் வேறு. 2008 தீர்ப்பில் பாறை சிங்கப்பூருக்கே போனது. பக்கத்திலுள்ள மிடில் ராக்ஸ் பாறைகள் மலேசியாவுக்கு. “சொந்தக்காரர் சும்மா இருந்தால் நிலம் கைமாறிவிடுமா சார்?” என்று பிள்ளைகள் குடைகிறார்கள். பட்டா, சிட்டா பார்த்து வளர்ந்தவர்கள் அல்லவா!

சரி, தேவை இதுதான்: தகராறு வெளிப்படையாக வெடித்த 1980-க்குப் பிந்தைய இரு நாட்டுச் செயல்களை நீதிமன்றம் ஏன் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை என்று எளிய தமிழில் விளக்க ஒருவர். அப்புறம், ஒரு சனிக்கிழமை நீதிபதியாக உட்கார சேலத்து வழக்கறிஞர்கள் யாராவது. பேருந்துச் செலவும் மதியச் சாப்பாடும் எங்கள் பொறுப்பு. உள்பெட்டியில் சொல்லுங்கள்.